பரணில் தூங்கும் பாட்டு

மார்கழி பிறந்துவிட்டால் பழைய தஞ்சை ஜில்லாப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. விடியற்காலைக் கோலம் ஒரு பக்கம், பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கிற வேலை ஒரு பக்கம். போகிக்கு நாலு நாள் முன்னால் பரணில் ஏறிப் பார்த்தால் எத்தனை சாமான்! ஈயம் போன பித்தளைப் பாத்திரம், தொட்டில் கம்பி, காலுடைந்த முக்காலி. அவற்றுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டி. திறந்தால் கறுப்புக் கறுப்பாக வட்டத் தட்டுகள்!

"இது என்ன அத்தை, தோசைக்கல் மாதிரி?" என்பாள் மருமகள்.

"பாட்டுத் தட்டும்மா. உன் மாமனாரோட அப்பா வாங்கினது. இப்ப யாருக்கு வேணும்? இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. பழைய சாமான்காரன் வந்தா எடைக்குப் போட்டுடு."

கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! எடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்தத் தட்டில் யார் குரல் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.

நம் ஊர்க் குரல்கள்

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குச் சங்கீதம் புதிதல்ல. ஆனால் அந்தச் சங்கீதம் ஒரு காலத்தில் கோயில் வீதியிலும் கல்யாணப் பந்தலிலும்தான் கேட்கும். ராத்திரி முழுக்க நாகஸ்வரம் நடக்கும். வீட்டுப் பெண்கள் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அடுப்பு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். முழுதாக உட்கார்ந்து கேட்க எத்தனை பேருக்கு வாய்த்தது? கிராமபோன் பெட்டி கூடத்துக்கு வந்த பிறகுதான், வேண்டும் என்கிறபோது வேண்டிய பாட்டை வீட்டுக்குள்ளேயே கேட்க முடிந்தது.

அந்தத் தட்டுகளில் பாடியவர்களும் வாசித்தவர்களும் யார்? பலர் நம் ஊர்க்காரர்களே! நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் திருமருகலில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீன வித்வானாக விளங்கினார். அவருடைய தோடி இசைத்தட்டு வெகு பிரசித்தம். ஜி.என். பாலசுப்பிரமணியம் மாயவரத்துக்குப் பக்கத்தில் கூடலூரில் 1910-ல் பிறந்தவர். அதே 1910-ல் மாயவரத்தில் பிறந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' (1944) அவருடைய படம்தான். அதற்குப் பாட்டு எழுதிய பாபநாசம் சிவனும் நம் பக்கத்துக்காரர்.

அதே 'ஹரிதாஸ்' படத்தில் நடித்த என்.சி. வசந்தகோகிலத்தை இன்றைய இளம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளத்து இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்தாலும், நாகப்பட்டினத்தில் வளர்ந்து அங்கேயே சங்கீதம் கற்றவர். பெயருக்கேற்ற குயில் குரல். ஆனால் காச நோய் அவரை 1951-லேயே, முப்பத்திரண்டு வயதுக்குள், கொண்டுபோய்விட்டது. இன்றைக்குப் போலக் கச்சேரிகளை நினைத்தபோது பதிவு செய்து வைக்கும் வசதி அப்போது ஏது? அவர் பாடியதில் நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் இசைத்தட்டுகளும் ஒரு சில படங்களும்தான். உங்கள் பரணில் இருப்பது அப்படி ஒரு தட்டாகக்கூட இருக்கலாம், அல்லவா?

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைக் கண்ணாகப் பாதுகாக்கிறார்கள். சுவடியில் எழுத்து இருக்கிறது என்றால் தட்டில் குரல் இருக்கிறது. அதைப் பாதுகாக்கிற பொறுப்பு வீட்டை ஆளுகிற நம் கையில்தான்.

முதலில் பாடியது பெண்

இன்னொரு விஷயம் கேட்டால் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். 1902-ம் வருஷம் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தார். அப்போது பாடிப் பெரும் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான் என்ற பெண்மணி. பதிவைக் கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்பித் தட்டாக அச்சடித்தார்கள். யார் பாடியது என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகப் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிவிடுவார். "மெஷின் முன்னால் பாடுவதா?" என்று பெரிய வித்வான்கள் பலர் தயங்கிய காலத்தில், பெண்கள் துணிந்து பாடினார்கள்.

தெற்கே அப்படித் தட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தம் சொத்தையெல்லாம் செலவழித்துக் கோயில் எழுப்பி, 1925-ல் கும்பாபிஷேகம் செய்வித்த அம்மையார் இவர்தான். அப்போதெல்லாம் அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது. அம்மையார் சும்மா இருந்துவிடவில்லை. 1927-ல் பெண்களைக் கொண்டே தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகளெல்லாம் ஒன்றாகி ஒரே விழாவாக ஆனபோதுதான் பெண்களுக்கும் வழி திறந்தது. ஆற்றங்கரையில் பாட முடியாத காலத்திலும், பெண்களின் குரல் தட்டு வழியாக வீட்டுக் கூடங்களில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது!

எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டுக்குப் பாடியவர். 1963-ல் வந்த அவருடைய வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. தட்டும், 1970-ல் வந்த விஷ்ணு ஸஹஸ்ரநாமமும் நுழையாத வீடு உண்டா?

எந்த ரகம்?

சரி, தட்டு கையில் கிடைத்துவிட்டது. முதலில் ரகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னியையும் சீரகச் சம்பாவையும் ஒரே பக்குவத்தில் வடிப்போமா? அதுபோலத்தான் இதுவும்.

கனமாக, தட்டினால் ஓட்டுச் சில்லு மாதிரிச் சத்தம் தருவது 78 தட்டு. நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும். பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷப் பாட்டு. இது அரக்கினால் ஆனது. ஆமாம், அரக்கு வளையலுக்கு உதவுகிற அதே அரக்குதான்! மரத்தில் வாழும் ஒரு சிறு பூச்சி தருவது. அதோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

லேசாக, கொஞ்சம் வளைந்து கொடுப்பது வினைல். இதில் பெரியது எல்.பி.; நிமிஷத்துக்கு 33 1/3 சுற்று, பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிஷம். 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. சின்னது 45 சுற்றுத் தட்டு. சினிமாப் பாட்டுகள் இதில் நிறைய வந்தன. நம் நாட்டில் 1960களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்ததால், ஒரே பெட்டியில் மூன்று ரகமும் கலந்து கிடக்கும். முதல் வேலையாகப் பிரித்து வையுங்கள்.

குளிப்பாட்டுவது எப்படி?

பல வருஷமாகப் பரணில் கிடந்த உறையில் பூஞ்சணம் இருக்கும். முற்றத்திலோ திண்ணையிலோ காற்றாட உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் பக்கத்தில் வேண்டாம்.

வினைல் தட்டுக்கு: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்ட் வாட்டர் நல்லது. அதில் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு இரண்டே சொட்டு. மெத்தென்ற பிரஷ்ஷையோ துணியையோ நனைத்து, கோடுகள் ஓடுகிற வட்டத்திலேயே துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு தடவை துடைத்து, தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் உலர விடுங்கள்.

அரக்குத் தட்டுக்கு: ஸ்பிரிட், சானிடைசர், சென்ட் இவற்றை மட்டும் தொடவே தொடாதீர்கள்! அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்; ஒரே துடைப்பில் பாட்டும் போய்விடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டென்று துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். விரிசல் இருந்தால் அந்த ஈரமும் வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷினால் தூசி தட்டினால் போதும்.

"தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளன்னு ஆகுமே!" என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வைக்கும் இடம்

நம் ஊரில் தட்டுக்கு மூன்று எதிரிகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம்; சித்திரை வெயில்; சம்பா அறுவடைக் காலத்து நெல் தூசி.

பரண் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பரில் வந்த கஜா புயலை மறக்க முடியுமா? ஓடு பறந்தால் முதலில் நனைவது பரண்தான். வெயில் காலத்தில் ஓட்டுக்கடியில் அனல் வேறு. வினைல் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்; பிறகு நிமிர்த்துவது கஷ்டம்.

சமையலறையை ஒட்டாத உள் அறை அலமாரியில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு மேல் வையுங்கள். புத்தகம் அடுக்குவது போல நேராக நிறுத்த வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளது நெளியும், அல்லது உடையும். அரித்துப்போன உள்ளுறையை மாற்றி, புதிய காகித உறை போடுங்கள். மாத்திரை டப்பாக்களிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் வருகிறதே, அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் அலமாரி மூலையில் போட்டு வைக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள்.

கேட்க எது வேண்டும்?

பரணில் சாவி கொடுக்கும் கிராமபோனும் இருக்கிறதா? அதில் 78 தட்டு மட்டுமே போட வேண்டும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். எல்.பி.யைப் போட்டால் அந்தக் கனத்த ஊசி ஒரே தடவையில் கோட்டைக் கிழித்துவிடும்.

பழைய ரேடியோகிராமோ எச்.எம்.வி. பியஸ்டாவோ இருந்தால், ஆசை மிகுதியில் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். பல வருஷத்து வயர் வெடித்திருக்கும், ஷாக் அடிக்கும். தெரிந்த மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான் மின்சாரம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான்கு சாமான் தேவை: தட்டுச் சுற்றும் டர்ன்டேபிள், போனோ ப்ரீஆம்ப், ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர். நடுவில் அந்த ப்ரீஆம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். தட்டில் பதிக்கும்போதே கீழ் ஸ்தாயியைக் குறைத்து, மேல் ஸ்தாயியைக் கூட்டித்தான் பதிப்பார்கள். அதைத் திரும்பச் சரிசெய்து, சத்தத்தையும் பெருக்கித் தருவது இதுதான். இல்லாவிட்டால் மிருதங்கம் தகர டப்பா மாதிரிக் கேட்கும். சில டர்ன்டேபிளிலும் ஆம்ப்ளிபயரிலும் உள்ளேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

நல்ல டர்ன்டேபிளில் ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 2 கிராம். அதாவது கால் பவுன்! மலிவான பெட்டி பிளேயர்களில் பல இதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தும்; தட்டு சீக்கிரம் தேயும். விலை உயர்ந்த தட்டை அதில் போட வேண்டாம். வைர ஊசியும் சாசுவதம் அல்ல. 500 முதல் 1,000 மணி நேரத்தில் மாற்றியாக வேண்டும். 78 தட்டின் கோடு அகலமானது. அதற்குத் தனி ஊசி உண்டு, எல்.பி. ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். வாங்கும் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலவற்றில் இராது.

"ஹை எண்டு" என்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் சாமான்களும் உண்டு. குடும்பப் பட்ஜெட் போடுகிற நமக்கு ஒரு கணக்குப் போதும்: முதல் செலவு நல்ல ஊசிக்கும் ஸ்பீக்கருக்கும், கடைசிச் செலவு அலங்கார வயர்களுக்கு. நாலாயிரம் ரூபாய் வயர் போட்டால் குரல் இனிமையாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரைச்சல் இல்லாத சுத்தமான ஒலி வேண்டுமென்றால் சி.டி.யும் இன்றைய டிஜிட்டல் பதிவும் தட்டைவிடக் குறைந்தவை அல்ல. அப்படியிருந்தும் அமெரிக்காவில் 2022-ல் வினைல் தட்டுகள் சி.டி.க்களைவிட அதிக எண்ணிக்கையில் விற்றன. ஏன்? போனில் பாட்டை ஓடவிட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்கிறோம். தட்டு அப்படி விடாது. உறையிலிருந்து எடுத்து, துடைத்து, ஊசி வைத்து, இருபது நிமிஷம் கழித்து எழுந்து திருப்பிப் போட வேண்டும். அந்த இருபது நிமிஷம் நாமும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும்! காலை நாலரை மணியிலிருந்து ஓடுகிற உடம்புக்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

கூடத்தில் எங்கே?

சிமெண்டுத் தரையும் வெறும் சுவருமாக உள்ள கூடத்தில் ஒலி எதிரொலித்து வார்த்தை குழம்பும். பணம் செலவழிக்க வேண்டாம். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ஜமக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் கனமான திரை, இல்லாவிட்டால் புத்தக அலமாரி. வித்தியாசம் உடனே தெரியும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காருகிற இடமும் ஒரு முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கர் சுவரை ஒட்டாமல், காது உயரத்தில் இருப்பது நல்லது. டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் வைத்தால் அதிர்வு ஊசியில் ஏறும். ஊஞ்சல் ஆடும் கூடமானால் டர்ன்டேபிளை வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

குழந்தையின் காது

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு ஓடும்போது, கைநீட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். குறைத்துவிடுங்கள். தொட்டிலை ஸ்பீக்கர் பக்கத்தில் கட்டாதீர்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு வயிற்றிலுள்ள குழந்தைக்கும் ஓசை கேட்கும் என்பது உண்மைதான். அதற்காக ஹெட்போனை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நீங்கள் சாதாரணமாகக் கேட்டால், பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தால், அதுவே போதும்.

எழுதி வையுங்கள்

எல்லாத் தட்டும் பொக்கிஷமாகிவிடாது. பெரும்பாலானவற்றுக்குச் சந்தையில் பெரிய விலையும் கிடைக்காது. ஆகையால் பணம் வரும் என்று எண்ணிப் பாதுகாக்க வேண்டாம். ஆனால் உடைந்த தட்டைத் தவிர எதையும் எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் கேட்பதற்கு வசதி இல்லையென்றால், வசதி உள்ளவரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை பதிவு செய்துகொள்ளலாம். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போனிலேயே அனுப்பலாம். வைத்துக்கொள்ளவே இடமில்லை என்றால் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. முதல் தட்டைப் போடும்போது வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஊசி உரசும் சத்தம் கேட்டதுமே, "இது கும்பகோணத்தில வாங்கினது, என் நாத்தனார் கல்யாணத்துக்குப் போட்டோம்" என்று தானாகப் பேச ஆரம்பிப்பார்கள். எந்த வருஷம், எந்தக் கடை, யாருடைய ஆசைக்காக என்பதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, அந்த உறைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பாட்டைத் தட்டு வைத்துக்கொள்ளும். வீட்டுக் கதையை நாம்தானே வைத்துக்கொள்ள வேண்டும்!